முன்நீரிழிவு: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
என் கணவருக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.1 வந்திருப்பதால், இப்போது மாத்திரை வேண்டாம், உணவையும் உடற்பயிற்சியையும் கவனியுங்கள் என்று மருத்துவர் கூறியுள்ளார். மூன்று வேளையும் அரிசி உண்பவருக்கு எதை முதலில் மாற்றலாம்? மல்கோவா பருவம் வேறு நெருங்குகிறது.

பதில் 1:
5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு. மீள வாய்ப்புள்ள கட்டம்தான், சகோதரி. சோற்றைப் பாதியாக்கி, மீதியைக் கீரை, அவரைக்காய், பயறு ஆகியவற்றால் நிரப்புங்கள். சாமைக்கு மாறினாலும் அளவு முக்கியம்.

பதில் 2:
வாரம் 150 நிமிட விரைவு நடை அவசியம். 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றமே நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 28 விழுக்காடு குறைத்தது. ஏற்காட்டு மலைப்பாதையெல்லாம் பிறகு. முதலில் உணவுக்குப் பின் தெருவில் நடக்கட்டும்.

பதில் 3:
மல்கோவாவைச் சாறாக்காமல், சாப்பாட்டுடன் சேர்க்காமல், ஓரிரு துண்டுகள் மட்டும் கொடுங்கள், அம்மா.