உபுண்டு 22.04: என்விடியா 535-க்கு 32-பிட் லைப்ரரி நிறுவ ஏபிடி மறுக்கிறது

கேள்வி

வணக்கம். உபுண்டு 22.04, 64-பிட். கார்டு ஜிடிஎக்ஸ் 1650, டிரைவர் 535. ஸ்டீம் (விளையாட்டுச் செயலி) திறந்தால் 32-பிட் லிப்ஜிஎல்.எஸ்ஓ.1 (கிராபிக்ஸ் லைப்ரரி) இல்லை என்று நின்றுவிடுகிறது. லிப்ஜிஎல்1:ஐ386, லிப்என்விடியா-ஜிஎல்-535:ஐ386 இரண்டையும் சேர்த்து நிறுவச் சொன்னால், லிப்டிஆர்எம்2:ஐ386 வேண்டும், ஆனால் அது நிறுவப்படப் போவதில்லை என்கிறது ஏபிடி (உபுண்டுவில் பொதிகளை, அதாவது பேக்கேஜ்களை, நிறுவும் கருவி). கடைசி வரியில் 'ஹெல்ட் ப்ரோக்கன் பேக்கேஜஸ்' என்று வருகிறது. ஏபிடி-மார்க் ஷோஹோல்ட் (நிறுத்திவைத்த பொதிகளைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் பட்டியல் காலி. ஃபிக்ஸ்-ப்ரோக்கனும் ஓட்டிப் பார்த்தாயிற்று. புதிய மேசாவுக்காக (திறமூல கிராபிக்ஸ் லைப்ரரிகள்) முன்பு ஒரு பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியே உள்ள கூடுதல் பொதிக் களஞ்சியம்) சேர்த்து, பிறகு அதை நீக்கிவிட்டேன். என்விடியா தளத்தில் இருக்கும் .ரன் நிறுவல் கோப்பைப் போட்டுவிடலாமா? இல்லை, 64-பிட் லிப்ஜிஎல்லுக்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழிக் கோப்பு) கொடுத்தால் போதுமா?

மறுமொழி 1

இரண்டுமே வேண்டாம். 32-பிட் நிரல் 64-பிட் லைப்ரரியை ஏற்றவே ஏற்றாது. 'ராங் எல்ஃப் கிளாஸ்' என்று திருப்பி அனுப்பிவிடும். 32-பிட் கோப்புகள் /யுஎஸ்ஆர்/லிப்/ஐ386-லினக்ஸ்-க்னூ அடைவில் இருக்கும், 64-பிட் கோப்புகள் பக்கத்து எக்ஸ்86_64 அடைவில். சிம்லிங்க் போட்டால் பெயர் பொருந்தும், உள்ளே இருப்பது பொருந்தாது. பிறகு சரியான பொதி வரும்போது அந்த லிங்க்கே குறுக்கே நிற்கும்.

'ஹெல்ட்' என்ற சொல்லைப் பார்த்து ஷோஹோல்ட் பக்கம் போவது எல்லோருக்கும் நேர்வதுதான். அந்த வரிக்கு அர்த்தம், கேட்ட பொதிகளுக்கு ஒத்துவரும் ஒரு பதிப்புத் தொகுப்பை ஏபிடியால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது மட்டுமே. நீங்கள் எதையும் நிறுத்திவைத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது: அந்த பிபிஏ. லிப்டிஆர்எம்2, மேசா போன்ற பொதிகளை 'மல்டி-ஆர்ச் சேம்' என்று குறித்திருப்பார்கள். அதாவது ஏஎம்டி64 (64-பிட்), ஐ386 (32-பிட்) இரண்டும் ஒரே கணினியில் இருக்க வேண்டுமானால் பதிப்பு எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிபிஏவைப் பட்டியலிலிருந்து எடுத்தீர்கள்; அது நிறுவிய பொதிகள் அப்படியே இருக்கின்றன. அந்தப் பதிப்புக்கு ஜோடியான ஐ386 பொதி இப்போது எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. அதனால்தான் ஏபிடி கை விரிக்கிறது.

உறுதிசெய்ய, ஏபிடி பாலிசி லிப்டிஆர்எம்2 என்று கொடுங்கள். நிறுவியிருக்கும் பதிப்பின் வரித் தொடக்கத்தில் மூன்று நட்சத்திரம் இருக்கும், அதன் கீழே முன்னுரிமை எண். அங்கே 100 என்ற எண்ணும் /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் என்ற பாதையும் மட்டும் இருந்தால், அது அனாதைப் பொதி. 500 என்று ஒரு களஞ்சிய முகவரியும் சேர்ந்து இருந்தால்தான் நல்லது. ஏபிடி லிஸ்ட் --இன்ஸ்டால்டு கொடுத்து 'லோக்கல்' என்ற சொல்லை கிரெப் செய்தால் (தேடினால்) இப்படி அனாதையான எல்லாமே ஒரே பட்டியலில் வந்துவிடும்.

கேட்டவர்

பார்த்தேன். லிப்டிஆர்எம்2-க்கு 100 மட்டும்தான். 22.04 அப்டேட்ஸில் 2.4.113 இருக்கிறது, என்னிடம் அதைவிடப் புதியது. 'லோக்கல்' பட்டியலில் மேசா பொதிகள் உட்பட இருபதுக்கு மேல். ஒவ்வொன்றாக இறக்க வேண்டுமா?

மறுமொழி 2

ஒவ்வொன்றாக இறக்கினால் சிக்கிக்கொள்வீர்கள். லிப்டிஆர்எம்2-ஐ மட்டும் இறக்கச் சொன்னால், புதிய மேசா அதைவிடப் புதியது வேண்டும் என்று தடுக்கும். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் இறக்க வேண்டும். அதற்குத்தான் பிபிஏ-பர்ஜ் என்ற கருவி.

ஆனால் பிபிஏ பட்டியலில் இல்லாவிட்டால் எந்தப் பொதிகள் அதனுடையவை என்று அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் அதே பிபிஏவை மறுபடி சேருங்கள், ஏபிடி அப்டேட் கொடுங்கள், அதன்பிறகு சூடோ பிபிஏ-பர்ஜ் கட்டளையோடு பிபிஏவின் பெயர். அது பொதிகளை உபுண்டுவின் பதிப்புக்கு இறக்கிவிட்டு, பிபிஏவையும் முடக்கிவிடும். நீக்குவதற்கு மறுபடி சேர்ப்பது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் இதுதான் சுத்தமான வழி.

'ஒய்' (சரி) அழுத்தும் முன் நீக்கப்படும் பொதிகளின் பட்டியலைக் கடைசி வரை படியுங்கள். உபுண்டு-டெஸ்க்டாப், ஜிடிஎம்3, க்னோம்-ஷெல் இவற்றில் ஒன்று அதில் தென்பட்டாலும் 'என்' (வேண்டாம்) கொடுத்து வெளியேறி, அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள். பழக்கதோஷத்தில் ஒய் அழுத்திவிட்டு, ரீபூட் செய்தபின் கருப்புத் திரையில் உட்காருகிறவர்கள் நிறைய.

இறங்கிய பிறகு டிபிகேஜி --பிரிண்ட்-ஃபாரின்-ஆர்கிடெக்சர்ஸ் (டிபிகேஜி என்பது ஏபிடிக்கு அடியில் இருக்கும் நிறுவல் கருவி) கொடுத்தால் ஐ386 என்று வர வேண்டும். வராவிட்டால் சூடோ டிபிகேஜி --ஆட்-ஆர்கிடெக்சர் ஐ386, மறுபடி அப்டேட். பிறகு நீங்கள் முதலில் கேட்ட இரண்டு பொதிகளையும், -எஸ் சேர்த்து ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு நிறுவுங்கள். லிப்என்விடியா-ஜிஎல்-535-இன் 64-பிட், 32-பிட் என்ற இரண்டு பாதிகளும் ஒரே பதிப்பாக இருக்கிறதா என்று அதில் கவனியுங்கள்.

கேட்டவர்

பிபிஏ-பர்ஜ் சுத்தமாக முடிந்தது. 32-பிட் பொதிகள் ஏறிவிட்டன, டிரைவரும் கூடவே புதுப்பித்துக்கொண்டது. ஆனால் ரீபூட் செய்தபின் என்விடியா-எஸ்எம்ஐ (கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை), டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறது. டிகேஎம்எஸ் (கெர்னல் மாட்யூல்களைக் கட்டும் கருவி) ஸ்டேட்டஸில் என்விடியா 'ஆடட்' என்று நிற்கிறது. கெர்னல் 6.5.

மறுமொழி 3

இது வேறு சிக்கல், லைப்ரரிகள் சரியாகிவிட்டன. 'ஆடட்' என்றால் மூலக்கோடு வந்திருக்கிறது, மாட்யூல் கம்பைல் ஆகவில்லை. /வார்/லிப்/டிகேஎம்எஸ்/என்விடியா அடைவுக்குள் பதிப்பு எண், அதற்குள் பில்ட், அதற்குள் மேக்.லாக். அதில் 'எஃப்டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்' தெரியாத ஆப்ஷன் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

இருந்தால், காரணம் இதுதான்: 22.04-இன் இயல்பு ஜிசிசி (கம்பைலர்) 11. எச்டபிள்யூஇ (புதிய வன்பொருளுக்கான கெர்னல் வரிசை) வழியாக வந்த 6.5 கெர்னலை ஜிசிசி 12-ல் கட்டியிருக்கிறார்கள். /ப்ராக்/வெர்ஷன் கோப்பைத் திறந்தால் அது தெரியும். அந்த ஆப்ஷன் ஜிசிசி 12-ல்தான் வந்தது, 11-க்குத் தெரியாது. சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஜிசிசி-12, ஓடும் கெர்னலுக்கான லினக்ஸ்-ஹெடர்ஸ், பிறகு சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால். மறுபடியும் 11-ஐயே எடுத்துக்கொண்டால் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் மூலம் ஜிசிசியை 12 பக்கம் திருப்புங்கள்.

கம்பைல் செய்ய விருப்பமில்லை என்றால், லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா-535-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-22.04 என்று முன்கூட்டியே கட்டிய பொதி இருக்கிறது. கெனானிக்கலின் கையொப்பத்தோடு வருவதால் செக்யூர் பூட்டை அணைக்கவும் வேண்டாம், எம்ஓகே (மாட்யூல் கையொப்பச் சாவியைப் பதிவுசெய்யும்) திரையில் கடவுச்சொல் அடிக்கவும் வேண்டாம். என் பரிந்துரை இதுதான்.

மறுமொழி 4

.ரன் கோப்பைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, தேடிவருகிறவர்களுக்காக எழுதுகிறேன். அது டிபிகேஜிக்குத் தெரியாமல் கோப்புகளை வைக்கும். பின்னால் ஏபிடி வழியாக டிரைவர் போட்டால் இரண்டு பதிப்பும் கலந்துவிடும். முன்பே .ரன் போட்டிருந்தால் முதலில் சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால், அதற்குப் பிறகுதான் ஏபிடி. கட்டாயம் .ரன்தான் வேண்டும் என்றால் பில்ட்-எசென்ஷியல், ஹெடர்ஸ், பிகேஜி-கான்ஃபிக், லிப்ஜிஎல்விஎன்டி-டெவ் நான்கும் முன்னதாக இருக்கட்டும். கடைசி இரண்டும் இல்லாவிட்டால், இஜிஎல் அமைப்புக் கோப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்று நிறுவி எச்சரிக்கும்.

கேட்டவர்

மேக்.லாகில் அதே வரிதான் இருந்தது. முன்கூட்டியே கட்டிய மாட்யூல் பொதியைப் போட்டேன், என்விடியா-எஸ்எம்ஐ கார்டைக் காட்டுகிறது. 32-பிட் டிரைவர் லைப்ரரி உண்மையிலேயே இருக்கிறதா என்று ஸ்டீம் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

மறுமொழி 1

எல்டிகான்ஃபிக் -பி கொடுத்து லிப்ஜிஎல்எக்ஸ்_என்விடியா.எஸ்ஓ.0 என்பதை கிரெப் செய்யுங்கள். இரண்டு வரி வர வேண்டும். அடைப்புக்குறிக்குள் எக்ஸ்86-64 இருப்பது 64-பிட். வெறும் லிப்சி6 மட்டும் இருந்து, பாதையில் ஐ386 வருவது 32-பிட். லிப்ஜிஎல்.எஸ்ஓ.1-ஐத் தேடாதீர்கள். அது ஜிஎல்விஎன்டி (அழைப்புகளைச் சரியான டிரைவருக்கு அனுப்பும் லைப்ரரி) தரும் வழிகாட்டி மட்டுமே, எந்த டிரைவர் போட்டாலும் இருக்கும். வேலை செய்வது அதன் பின்னால் இருக்கும் என்விடியா கோப்பு.

கேட்டவர்

இரண்டு வரியும் வந்தன. ஸ்டீமும் திறந்துவிட்டது. நன்றி.