குவார்ட்டரிங்: தமிழில் என்ன சொல்ல?

வணக்கம். ஸ்டானியர் 8எஃப் என்ற பிரிட்டிஷ் நீராவிச் சரக்கு எஞ்சினின் மாதிரி (அடிக்கு 4 மி.மீ. அளவு) கட்டும் குறிப்பைத் தமிழாக்குவதில் ஒரு சொல் இடிக்கிறது. பாய்லர், சிலிண்டர், பஃபர் எல்லாம் அப்படியே போகட்டும். ஒரே அச்சின் இரு சக்கரங்களிலும் தண்டு மாட்டுவதற்காக உள்ள வணரி ஊசிகள் (கிராங்க் பின்) 90 பாகை தள்ளி நிற்கும்படி சக்கரங்களை ஏற்றுவதுதான் குவார்ட்டரிங். 'கால்வட்டமாக்கல்' எனலாமா?

---

> 'கால்வட்டமாக்கல்' எனலாமா?

வேண்டாம் ஐயா. வள்ளுவரின் 'கால்வல் நெடுந்தேர்' என்பதில் காலே சக்கரம்தான். சக்கரக் குறிப்பில் அதே சொல்லைப் பங்குக் கணக்குக்கும் வைத்தால் குழப்பம். கிரெஸ்லி வடிவமைத்த ஓ2 சரக்கு எஞ்சினில் மூன்று சிலிண்டர். வணரிகள் 120 பாகையில். அங்கே 'கால்' பொய்யாகிவிடும். ஆங்கிலச் சொல்லின் குறையை நாம் ஏன் சுமக்கவேண்டும்?

மாதிரியில் 90 என்ற எண்ணைவிட நான்கு அச்சுகளின் கோணமும் ஒத்திருப்பதுதான் முக்கியம். நான்கும் 88 பாகை என்றால் ஓடும். மூன்று 90-இலும் ஒன்று 89-இலும் நின்றால் இறுகும். 8எஃப்-இன் பிஸ்டன் வீச்சு 28 அங்குலம், வணரி ஆரம் 14; மாதிரியில் 4.67 மி.மீ. ஒரு பாகை பிசகினால் ஊசி 0.08 மி.மீ. விலகும். உடனே ரீமர் எடுத்துச் சக்கரங்களைக் கோக்கும் தண்டின் ஓட்டைகளையெல்லாம் பெரிதாக்குவார்கள். அப்புறம் எஞ்சின் நொண்டும்.

எங்கே இறுகுகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். ஒரு பக்க ஊசிகள் அச்சுகளின் கோட்டுக்கு நேராக வரும்போது இறுகினால் தண்டின் ஓட்டை இடைவெளியும் அச்சு இடைவெளியும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பக்கமும் சாய்வாக நிற்கையில், சுற்றுக்கு நான்கு முறை இறுகினால் கோணப் பிசகு. மோட்டார் அச்சோடு இன்னோர் அச்சை மட்டும் பிணைத்து உருட்டுங்கள். சரியானால் மூன்றாவது, பிறகு நான்காவது. குற்றவாளி தானே சிக்கும்.

பெயர்ச்சொல்லுக்கு 'வணரிக்கோணம்', வினைக்குக் 'கோணம் பிடித்தல்'. கொத்தனார் மட்டம் பிடிப்பதில்லையா, அதுபோல.

---

'கோணம் பிடித்தல்' பட்டறைக்காரர் வாயில் நிற்கும், ஏற்கலாம். '120 பாகை வணரிக்கோணம்' என்றும் எழுதிவிடலாம். ராம்ஃபோர்டு என்ற மாதிரிச் சக்கர வகையின் சதுரமுனை அச்சில் முனையே கோணத்தைத் தந்துவிடுவதால் இந்த வேலையே இல்லை. அதையும் குறிப்பில் சேர்க்கவேண்டும்.

இன்னொன்று. சக்கரங்களைக் கோக்கும் கப்ளிங் ராடுக்கு 'இணைதண்டு' என்றிருக்கிறது. பிஸ்டன் பக்கத்துக் கனெக்டிங் ராடைப் பாடநூல்கள் 'இணைப்புத்தண்டு' என்கின்றன. வேகமாகப் படிப்பவர் தண்டை மாற்றி மாட்டிவிடுவார். முன்னதைப் 'பிணைதண்டு' ஆக்கலாமா?

---

ஆக்கிவிட்டேன். திருத்திய வரி: "பிணைதண்டுகளை மாட்டுமுன் நான்கு அச்சுகளுக்கும் ஒரே பிடிசட்டத்தில் (ஜிக்) கோணம் பிடிக்கவும், எல்லா அச்சிலும் ஒரே பக்க ஊசி முந்தவேண்டும்."