சாய்ந்து நிற்கும் கசுகா கல்விளக்கு: பிரித்து வேறு இடத்தில் நிறுத்தலாமா?

இபராக்கிவாசி:
வணக்கம். ஜப்பானில் இபராக்கி மாவட்டத்தில் சுகுபா நகருக்குப் பக்கத்தில் தோட்டத்தோடு ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். தோட்டத்தில் ஆளுயர இஷிதோரோ, அதாவது கல்விளக்கு ஒன்று நிற்கிறது. ஆறு மூலைக் கூரை, மூலைகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கின்றன. விளக்கறையின் ஒரு பக்கத்தில் மான் செதுக்கியிருக்கிறார்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், உச்சியில் 4 செ.மீ. குளத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இணைப்புகளில் யாரோ பூசிய சிமென்ட்டும் விரிசல் விட்டுவிட்டது.

அளவுகள் செ.மீ.-இல்: பீடம் அகலம் 60, உயரம் 25. உருண்டைத் தூண் விட்டம் 24, உயரம் 65. அதன்மேல் நடுத்தட்டு அகலம் 42, உயரம் 20. விளக்கறை அகலம் 30, உயரம் 28. கூரை அகலம் 60, உயரம் 20. உச்சிக் கலசம் உயரம் 24.

கிரேன் இல்லாமல் பிரிக்க முடியுமா? கைகழுவும் கல்தொட்டிக்கு (சுகுபாய்) பக்கத்தில் மாற்றி வைக்க ஆசை. திரும்பக் கோக்கும்போது சிமென்ட் வைத்து இறுக்கிவிடலாமா? நிலநடுக்க ஊர், வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு. பாசியைப் பிரஷர் வாஷரால் கழுவலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கருங்கல்:
மான், சுருண்ட மூலை, உருண்டைத் தூண் மூன்றும் இருந்தால் கசுகா வகைதான். நாராவில் உள்ள கசுகா தைஷா கோயிலின் பெயரில் வழங்குவது. உங்கள் உயரங்களைக் கூட்டினால் 182 செ.மீ., கல்தச்சர் கணக்கில் 6 ஷாக்கு (ஒரு ஷாக்கு 30.3 செ.மீ.). உங்கள் வட்டாரத்திலேயே மகாபே கருங்கல் கிடைக்கிறது, கல்விளக்கு செய்வதும் அங்கே பழைய தொழில். அதனால் அந்தக் கல்லாக இருக்கலாம். சீனாவிலிருந்து வந்தவையும் ஏராளம். கூரையின் அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். மழமழவென்று அறுவைக் கோடு தெரிந்தால் இயந்திர வேலை, உளிக்கொத்து தட்டுப்பட்டால் கையால் பொளிந்தது.

பிரிப்பதற்கு முன் ஒரு வேலை: பீடத்தின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 60 அகலப் பீடத்தில் ஒரு பக்கம் 1.3 செ.மீ. இறங்கினாலே 182 உயரத்தில் 4 செ.மீ. சாய்வு வந்துவிடும். பீடம் மட்டமாக இருந்தால் கோளாறு மேலே இணைப்புகளில். பீடமே சாய்ந்திருந்தால் அடிமண்ணைப் பார்க்க வேண்டும். குளத்துப் பக்கம் என்கிறீர்கள், கரையில் கசிவு இருந்தால் பொடிமண் கரைந்து போயிருக்கும். கசிவை அடைக்காமல் விளக்கை நிமிர்த்தினால் மறுபடி சாயும்.

கருங்கல் ஒரு கனமீட்டர் சுமார் 2.65 டன். உங்கள் அளவுக்குத் தூண் 78 கிலோ, கூரை சுமார் 120, பீடம் சுமார் 200, விளக்கறை 35 வரும். நடுத்தட்டு, கலசம் எல்லாம் சேர்த்தால் அரை டன். ஒவ்வொரு துண்டாக எடுப்பதால் கிரேன் தேவையில்லை. கருவிகள் வாடகைக்குத் தரும் கடைகளில் மூன்று கால் கம்பம் (சன்மாதா) கிடைக்கும். 4 மீட்டர் கால்கள் உள்ளதாகப் பார்த்து, 1 டன் செயின் பிளாக்கோடு (சங்கிலிக் கப்பி) எடுங்கள். கால்களுக்கு அடியில் பலகை போட்டு, மூன்றையும் கயிற்றால் பிணையுங்கள். விரிந்துவிட்டால் கம்பமே தலைமேல் வரும்.

முதலில் ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் சாக்பீஸால் ஒரு கோடு இழுங்கள், கோக்கும்போது திசை மாறாது. பழைய சிமென்ட்டை மெல்லிய உளியால் இணைப்பின் ஓரமாகவே சுரண்டுங்கள். கடப்பாரை வைத்து நெம்பினால் விளிம்பு தெறித்துவிடும், மர ஆப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். கலசம் கையோடு வரும். கூரைக்கு அடியில் விளக்கறையின் இருபுறமும் நைலான் பெல்ட் கொடுத்து, சுருண்ட மூலைகளில் பெல்ட் படாமல் தூக்குங்கள். முதலில் ஒடிவது அந்தச் சுருள்தான். விளக்கறையை இரண்டு பேர் அடியில் கைகொடுத்து எடுக்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கயிறு விட்டால் மெலிந்த தூண்கள் உடைந்துவிடும். தூணின் இரு முனையிலும் முளை (அடுத்த கல்லின் துளையில் செருகி நிற்கும் துருத்தல்) இருக்கலாம். அதைத் திருகாமல், ஆட்டாமல் நேரே மேலே இழுங்கள்.

அடித்தளத்துக்கு 90 செ.மீ. சதுரக் குழி. 15 செ.மீ. உடைத்த ஜல்லியை இரண்டு தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் திமிசுக்கட்டையால் இறுக்குங்கள். 20 கிலோ மூட்டை 12 ஆகும். மேலே கம்பிவலை வைத்து 10 செ.மீ. கான்கிரீட். தண்ணீர் மட்டும் சேர்க்கும் 25 கிலோ மூட்டை என்றால் 7 போதும். ஒரு வாரம் காயவிட்டு, 3 செ.மீ. உலர்கலவை (1 பங்கு சிமென்ட், 3 பங்கு மணல்) பரப்பி அதன்மேல் பீடத்தை இறக்குங்கள்.

நிழல்தோட்டம்:
தயவுசெய்து அதைச் சுகுபாய் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீங்க. கல்விளக்கு முதலில் கோயிலுக்கு வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்குக்காரர்கள் அதைத் தோட்டத்துக்கு எடுத்துக்கிட்டது, இருட்டில் வர்ற விருந்தாளிக்குக் காலடியும் கைகழுவுற தண்ணியும் தெரியணும்னுதான்.

உங்க அளவையே போட்டுப் பார்ப்போம். விளக்கறை தரையிலிருந்து 110 செ.மீ. மேலே. சுடர் இன்னும் 10 மேலே, ஆக 120. நடுத்தட்டு விளிம்பு சுடரிலிருந்து 21 செ.மீ. வெளியே நீட்டிக்கிட்டு நிற்குது. அது மறைக்கிறதால சுற்றி இரண்டரை மீட்டர் வரைக்கும் தரை இருட்டு. தொட்டி வாய் 30 செ.மீ. உயரம்னாலும் 1.9 மீட்டர் தள்ளி இருந்தாதான் வெளிச்சம் விழும். பக்கத்தில் வெச்சா தொட்டி மேல நிழல்தான்.

அந்த இடத்துக்கு ஏத்தது ஓரிபே வகை. ஃபுருதா ஓரிபே (1544–1615) என்ற தேநீர் ஆசான் பேரில் வந்தது. பீடமே கிடையாது, தூணை நேரா மண்ணில் புதைக்கிறது. அதனால உயரத்தைத் தொட்டிக்குத் தகுந்த மாதிரி ஏத்தி இறக்கிக்கலாம். 30–40 செ.மீ.யாவது மண்ணுக்குள்ள போகணும்.

கசுகா தூரத்தில் நின்னு பார்க்கிறதுக்கு. இப்ப இருக்கிற இடத்திலேயே விடுங்க. பின்னால ஒரு பசுமை மாறா மரம், முன்னால விளக்கறைக்குக் குறுக்கே ஒரு மேப்பிள் கிளை, அவ்வளவுதான். தோட்டத்து நட்டநடுவில் முழுசாத் தெரியுற மாதிரி நிறுத்துறது ஹோட்டல் வாசல் பழக்கம், வீட்டுக்கு வேண்டாம்.

மூன்றாம்உளி:
சிமென்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பீடத்துக்கு அடியில் இருக்கட்டும், துண்டுகளுக்கு நடுவே வேண்டாம். விறைப்பான பூச்சு ஆட்டத்தில் முதலில் விரியும். விரிசலில் மழைநீர் தங்கும், குளிரில் உறைந்து கல்லின் விளிம்பைப் பெயர்க்கும், வெள்ளையாக உப்பும் பூக்கும். அடுத்த முறை பிரிக்கும்போது கல்லும் சேர்ந்து உடையும்.

பீடம்–தூண், தூண்–நடுத்தட்டு, இந்த இரண்டு இணைப்புக்கு மட்டும் துருப்பிடிக்காத எஃகு முளை போடலாம். 16 மி.மீ. கம்பி, 20 மி.மீ. துளை, மேலும் கீழும் 8 செ.மீ. ஆழம். கீழ்த்துளையில் மட்டும் எபாக்ஸி (இறுகும் பசை) ஊற்றுங்கள், மேல்துளை வெறுமனே இருக்கட்டும். அப்போதுதான் பிறகு பிரிக்க முடியும். கல் ஆடினால் 2 மி.மீ. ஈயத் துண்டு செருகி மட்டம் பாருங்கள். விளக்கறையின் சுவர் மெலிது, துளையிட்டால் பிளக்கும். அதற்கு மேலும் கீழும் கல்லறைக் கற்களுக்குப் போடும் நிலநடுக்க ஜெல் ஒட்டுத்துண்டு, மூலைக்கு ஒன்று.

கருங்கல்:
முளை விஷயத்தில் முழு உடன்பாடு இல்லை. கீழ்ப்பாதி விறைத்து நின்றால் குலுக்கல் முழுக்க மேலே போகும், கூரையும் கலசமும் எகிறும். ஜெல் அதைக் குறைக்கும், நிறுத்தாது. 2011 மார்ச் பெரு நிலநடுக்கத்தில் உங்கள் மாவட்டத்தில் எத்தனை தோட்ட விளக்குகள் விழுந்தன என்று அக்கம்பக்கத்தில் கேட்டாலே தெரியும். எதை ஒட்டினாலும் விளக்கைச் சுற்றி 2 மீட்டருக்கு நடைபாதையோ விளையாட்டு இடமோ இருக்கக் கூடாது, அடர்ந்த புதர் வையுங்கள். பிள்ளைகள் கூரையைப் பிடித்துத் தொங்குவது நிலநடுக்கத்தைவிடப் பெரிய ஆபத்து.

நிழல்தோட்டம்:
பாசிக்கு: பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். பல வருஷம் வெயில் மழை பட்டு வந்த மேல்தோல் ஒரு மணி நேரத்தில் போயிடும், செதுக்கிய மானும் மழுங்கிடும். தண்ணியும் நைலான் பிரஷும் போதும். ஆசிட் தொடவே கூடாது, கருங்கல்லில் இருக்கிற இரும்பு கரைஞ்சு மஞ்சள் படியும், அது போகாது. உண்மையில் பாசிக்காகவே கல் தேடுறவங்க உண்டு. மேற்கு ஜப்பானில் இசுமோ பகுதி விளக்குகளுக்குப் பயன்படுற கிமாச்சி மணற்கல் ஈரம் பிடிக்கும், சீக்கிரம் பச்சையாகும். கருங்கல்லில் மெதுவாத்தான் வரும். தயிர் தடவுங்கன்னு சொல்வாங்க, பூஞ்சைதான் மிஞ்சும்.

தொட்டிக்கு ஒரு வார்த்தை. உங்க ஊரில் சனவரி இரவுகளில் தண்ணி உறையும். உள்சுவர் செங்குத்தா இருந்தா பனிக்கட்டி மேலே ஏற வழியில்லாம கல்லைப் பிளக்கும். குளிர் வந்ததும் காலி பண்ணிடுங்க.

இபராக்கிவாசி:
எல்லோருக்கும் நன்றி. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், பீடம்தான் குளத்துப் பக்கம் 1.2 செ.மீ. இறங்கியிருக்கிறது. இடம் மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். பிரிக்காமல், பீடத்தின் அடியில் ஜாக்கி கொடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் தூக்கிக் கலவை திணிக்க முடியுமா?

கருங்கல்:
கூடாது. இணைப்புச் சிமென்ட் விட்டுப்போன நிலையில் பீடத்தின் மேல் 300 கிலோ கல் தளர்ந்து நிற்கிறது. ஜாக்கி ஏறும்போது முதலில் நகர்வது கூரை. தூண் வரை இறக்கிவிட்டு, பீடத்தை மட்டும் தூக்குங்கள். குளத்தில் தண்ணீரை ஒரு வாரம் அளந்து பார்த்து, மட்டம் எங்கே நிற்கிறதோ அந்த உயரத்தில் கரையில் கசிவைத் தேடி அடைத்த பிறகு குழி தோண்டுங்கள்.