கீழே போகணும் என்று நாய் எப்படிச் சொல்லும்? சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

தெம்பினிஸ், 11ஆம் மாடி

எங்கள் வீட்டில் டாய் பூடல் இனக் குட்டை நாய் ஒன்று இருக்கிறது, பெயர் மிட்டாய். குட்டியாக வந்தபோது, தடுப்பூசி எல்லாம் போட்டு முடியும்வரை வெளியே தரையில் விட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் சிறுநீர், மலம் கழிக்கத் துணி காயப்போடும் இடத்தில் ட்ரே வைத்துப் பழக்கினோம். இப்போது கீழே புல்லைக் கண்டுகொண்டது, ட்ரே பக்கமே போவதில்லை. சரி, நல்லதுதான். ஆனால் போகணும் என்று சொல்லத் தெரியவில்லை. வாசல் கேட்டுக்கு முன்னால் சத்தமே இல்லாமல் வந்து நிற்கும். நாங்கள் பார்க்கவில்லை என்றால் செருப்பு அலமாரி ஓரத்தில் போய்விடும். குரைத்துக் கூப்பிடப் பழக்க எனக்கு மனமில்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கதவில் மணி கட்டி, அதைத் தொட்டுக் கூப்பிடப் பழக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அங் மோ கியோ, 9ஆம் மாடி

இருக்கிறேன் தங்கச்சி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது, வீவக வீடுகளில் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க வழிசெய்யும் புராஜெக்ட் அடோர் திட்டம் வழியாகத் தத்தெடுத்த நம்மூர்க் கலப்பின நாய். சிங்கப்பூர் ஸ்பெஷல் என்பார்களே, அதுதான். 2020இல் அந்தத் திட்டத்தில் உயர வரம்பை 55 சென்டிமீட்டராக உயர்த்தி, எடை வரம்பை எடுத்த பிறகுதான் இவளைப் போன்ற பெரிய நாய்கள் வீவக வீட்டுக்குள் வர வழி பிறந்தது. பெயர் கருப்பி. வெளியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணும் புல்லும்தான். டைல்ஸ் தரையில் எவ்வளவு முட்டினாலும் போக மாட்டாள், அடக்கிக்கொண்டே இருப்பாள். அதை வெளியே காட்டவும் மாட்டாள். காது பின்னால் படியும், நாக்கு மூக்கை நக்கிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தவிப்பைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மணியை சிராங்கூன் சாலையில் பூஜைச் சாமான் கடையில் வாங்கினேன். சலங்கை மணி வேண்டாம். அதன் பிளவில் நகம் மாட்டும், ஒரு மணி கழன்று விழுந்தால் விழுங்கிவிடும். எலுமிச்சம்பழம் அளவில் ஒரே பித்தளை மணி, தடித்த கயிறு, அது போதும். உள்கதவின் கைப்பிடியில், நாயின் மூக்கு உயரத்துக்குத் தொங்கும்படி கட்டுங்கள்.

கருப்பிக்கு அந்தச் சத்தமே பயமாக இருந்தது. அதனால் மணியின் நாக்கில் பஞ்சைச் சுற்றி டேப் ஒட்டினேன். கட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்து அவள் முன் நீட்டினேன். மூக்கு பட்டதும், அந்த நொடியே, ஒரு துண்டு வேகவைத்த கோழி. இரண்டு மூன்று நொடி தள்ளிக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. கைக்குள் இருப்பதைத் தயங்காமல் தொட ஆரம்பித்த பிறகு கதவில் கட்டினேன், பஞ்சையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன்.

அப்புறம் வருவதுதான் முக்கியம். கதவில் கட்டிய பிறகு, மணியைத் தொட்டால் கோழி கிடையாது, கதவு திறக்கும். கோழி கீழே, புல்லில் வேலை முடிந்ததும். இங்கே மாற்றாவிட்டால் தின்பதற்கு மணி அடிக்கும் நாயாகிவிடும்.

அவளாகவே முதன்முதலில் அடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு டிங். எட்டிப் பார்த்தால், மணியைப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் திரும்பி நிற்கிறாள், யாராவது வருகிறார்களா என்று. அடுப்பை அணைத்துவிட்டு, பாதி வெந்த தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஓடினேன். நாய் கேட்கும்போது வீடு பதில் சொல்ல வேண்டும். ஆரம்ப நாட்களில் நாலு தடவை அடித்து நாலு தடவையும் யாரும் எழுந்திருக்கவில்லை என்றால், ஐந்தாவது தடவை அது ஏன் அடிக்கப்போகிறது?

தரை வீட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகள் நமக்கு அப்படியே ஒத்துவராது. அவர்களுக்குக் கதவைத் திறந்தால் தோட்டம். நமக்குத் தாழ்வாரம், மின்தூக்கி, கீழ்த்தளம் எல்லாம் கடந்தால்தான் புல். பள்ளி நேரத்தில் மின்தூக்கி ஒவ்வொரு மாடியாக நின்று நின்று வரும். உள்ளே நாயோடு நிற்கச் சங்கடப்படுபவர்கள் இருப்பார்கள். எங்கள் புளோக்கில் மலாய்க் குடும்பங்கள் நிறைய. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும், அது அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. நான் அடுத்த மின்தூக்கிக்கு நின்றுகொள்வேன். ஆக, மிட்டாய் கடைசி நிமிடத்தில் மணி அடித்து நமக்குப் பயனில்லை. முட்டுவதற்கு முன்பே அடிக்க வேண்டும்.

அதற்கு நான் கண்ட வழி: தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாடி முடித்ததும் என்று அதற்கு வரப்போகிற நேரங்களில் நீங்களே கதவருகே கூட்டிப்போய், மணியைத் தொட வைத்துக் கூட்டிச் செல்லுங்கள். அவசரம் வராதபோதே மணி அடித்துப் பழகிய நாய், தானாக அடிக்கும்போதும் அந்த அளவில்தான் அடிக்கும். கீழே போகும்வரை தூக்கிக்கொள்ளுங்கள், பூடல்தானே. கையில் இருக்கும்போது பெரும்பாலும் போகாது. மின்தூக்கிக்குள் சிறுநீர் கழிப்பதைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் கருவியே பொருத்திய ஊர் இது!

யீஷூன், 4ஆம் மாடி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பூஜை மணியும் கதவு மணியும் ஒரே மாதிரி ஒலிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அம்மா மாலையில் விளக்கேற்றி மணி ஆட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் ஷிட்சு ஓடிப்போய்க் கதவடியில் நிற்கும். யாரும் திறக்க மாட்டார்கள். பாவம், எங்களைப் பார்க்கும், கதவைப் பார்க்கும். அப்புறம் மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த மாட்டுக் கழுத்து மணியைக் கட்டினோம். கட்டையான சத்தம், இரண்டும் குழம்பவே குழம்பாது. அம்மாவின் பூஜையும் அமைதியாக நடக்கிறது.

உட்லண்ட்ஸ், 13ஆம் மாடி

எங்களுக்கு மணி சரிவரவில்லை, ஜாக் ரஸல் அதைக் கடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. அழுத்தினால் பதிந்த குரல் கேட்கும் பொத்தான் விற்கிறார்கள் அல்லவா, அதை வாங்கினோம். குரல் பாட்டியுடையது. "கீழ போலாம் வா" என்று. பொத்தான் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போனதால் ரப்பர் பாயில் ஒட்டிவிட்டோம். பழக்கிய முறை அதேதான், தொட்டால் கதவு.

நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவோம், வார நாளில் அதற்குப் பதில் சொல்வது எங்கள் பணிப்பெண். மியன்மாரிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. ஆனால் பாட்டியின் குரல் கேட்டால் கையிலிருப்பதை வைத்துவிட்டுக் கழுத்துவாரை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். அன்றைக்கு நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டு "இதோ வரேன்" என்று உட்கார்ந்திருந்தால் நாய் குழம்பிவிடும். வீட்டில் யார் இருந்தாலும் பதில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதை வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

பிடோக், 6ஆம் மாடி

வயதான நாய் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் மால்டீஸ் பல வருடமாக மணி அடிக்கிறது. ஒரு கட்டத்தில் நாளெல்லாம் அடிக்க ஆரம்பித்தது, நள்ளிரவிலும். கீழே போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சேட்டை என்று வீட்டில் சிலர் சொன்னார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருத்துவரிடம் காட்டியபோது சிறுநீர்ப் பாதையில் தொற்று. மருந்து கொடுத்ததும் மணி பழையபடி ஆனது. அந்த மணி இல்லாவிட்டால் எங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்காது, அதற்காகவே எல்லாரும் பழக்கலாம் என்பேன். முக்கினால், ரத்தம் தெரிந்தால் உடனே காட்டுங்கள். முக்கி முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

தெம்பினிஸ், 11ஆம் மாடி

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னபடியே செய்தேன், மிட்டாய் பிடித்துக்கொண்டது! ஆனால் இப்போது சும்மா சும்மா அடிக்கிறது. கீழே போனால் பூனையைப் பார்க்கிறது, சைக்கிளைப் பார்க்கிறது, போவதில்லை. பதில் சொல்லாமலும் இருக்கக் கூடாது என்கிறீர்கள். என்ன செய்வது?

அங் மோ கியோ, 9ஆம் மாடி

பதில் சொல்லுங்கள் தங்கச்சி, ஆனால் அந்தப் பதில் சுவாரசியமாக இருக்கக் கூடாது. கழுத்துவாரைக் குட்டையாகப் பிடித்து, எப்போதும் போகும் அதே புல்திட்டில் போய் நில்லுங்கள். நடக்காதீர்கள், பேசாதீர்கள், போனும் வேண்டாம். சில நிமிடம் பாருங்கள். போகவில்லையா, கோபப்படாமல் மேலே கூட்டிவந்துவிடுங்கள். போய்விட்டால் கோழி, பாராட்டு, அதன் பிறகு புளோக்கைச் சுற்றி ஒரு நடை. பூனையும் சைக்கிளும் வேலை முடிந்த பிறகு கிடைக்கும் பரிசு என்று அதற்கே விளங்கிவிடும். வேலை முடிந்த கையோடு மேலே இழுத்துவந்தால், வெளியில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அடக்கி வைத்துக்கொள்ளும்.

போகும்போது தண்ணீர் பாட்டிலும் பையும் எடுத்துப்போங்கள். கீழ்த்தளத் தூணில் காலைத் தூக்கிவிட்டால் உடனே ஊற்றிக் கழுவிவிடுங்கள், நாய் வளர்ப்பவர்கள் மேல் வரும் புகாரில் பாதி அந்தத் தூண்களால்தான் என்று நினைக்கிறேன்.

நவம்பர், டிசம்பர் மழையில் இன்னொன்று நடக்கும். மணி அடித்துவிட்டு, ஈரப் புல்லைப் பார்த்ததும் பின்வாங்கும். கூரை போட்ட நடைபாதையை ஒட்டி ஒரு புல் ஓரத்தை வெயில் நாளிலேயே பார்த்து வைத்து, அங்கேயும் அவ்வப்போது கூட்டிப்போய்ப் பழக்குங்கள். குடை பிடித்தபடி கழுத்துவாரைப் பிடிக்க உங்களுக்கும் பழக்கம் வேண்டும். ஒரு பழைய துண்டைக் கேட்டிலேயே மாட்டி வைத்துவிடுங்கள், கால் துடைக்க.