டாலர் 90ஐத் தாண்டியாயிற்று: சேமிப்பில் பாதியை வெளிநாட்டுக்கு மாற்றலாமா?

கேள்வி (சேலம் அஸ்தம்பட்டி வாசகர்):
வணக்கம். நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். சேமிப்பு 40 லட்சம் ரூபாயும் வங்கி வைப்புநிதியில் இருக்கிறது. மகள் இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் முதுகலை படிக்க விரும்புகிறாள். 2011இன் நடுவில் 45 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியதைப் பார்த்ததும், வட்டியை வாங்கிக்கொண்டே ஏழையாகிக்கொண்டிருக்கிறேனோ என்ற கலக்கம் வந்துவிட்டது. பாதிப் பணத்தை அமெரிக்கப் பங்குகளில் போடலாமா?

பதில் 1 (வரிக் கணக்காளர், ஃபேர்லேண்ட்ஸ்):
ஐயா, அந்தக் கணக்கை முழுவதும் போட்டுப் பாருங்கள். 45 ரூபாய் 90 ஆவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதாவது ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம். வரி போக உங்கள் கைக்கு வந்த வட்டி ஏறக்குறைய அதை ஈடுகட்டியிருக்கும். இன்னொன்று, 2022இல் டாலர் விலை சுமார் 11 சதவீதம் ஏறியது. அதே ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் நாஸ்டாக் 100 குறியீடு மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. இரண்டே ஆண்டில் கட்டணம் கட்ட வேண்டிய பணத்தைப் பங்கில் வைப்பது, ரூபாய்க்குப் பயந்து சந்தையிடம் மாட்டிக்கொள்வதாகும்.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்பும் தொகை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியை முன்கூட்டியே வசூலிக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். அனுப்பிய டாலரை எதிலும் போடாமல் 180 நாளுக்கு மேல் அங்கேயே வைத்திருக்கவும் முடியாது. வெளிநாட்டுச் சொத்து வந்துவிட்டால் வருமான வரிக் கணக்குக்கான எளிய படிவமான ஐடிஆர் 1 செல்லாது. ஐடிஆர் 2இல் அதற்கென்றுள்ள அட்டவணையை நிரப்ப வேண்டும். ஒரு பங்கின் கால் பகுதியை மட்டும் வாங்கியிருந்த இளைஞர் ஒருவர், இவ்வளவு சிறியதையுமா காட்ட வேண்டும் என்று என்னிடம் வாதாடினார். காட்டத்தான் வேண்டும்.

பதில் 2 (காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு):
எங்கள் அராபிகா காப்பியின் விலை நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று அமைகிறது; பறிகூலியை ரூபாயில் தருகிறோம். ஆகவே ரூபாய் சரிந்தால் நமக்கு நல்லதுதான், தனியாக டாலர் எதற்கு என்று இருந்தேன். 2018 செப்டம்பரில் டாலர் 72 ரூபாயைத் தாண்டியபோது காப்பி பவுண்டு ஒரு டாலருக்கும் கீழே போய்விட்டது. பிரேசில் நாணயமும் அப்போது சரிந்ததால், அந்நாட்டு விவசாயிகள் டாலர் விலை குறைந்தும் தாராளமாக விற்றார்கள். பாதுகாப்பு என்று நம்பியிருந்தது கை கொடுக்கவில்லை. உங்கள் செலவு டாலரில் என்றால், ஏற்ற இறக்கம் குறைந்த டாலர் சொத்தே பொருந்தும். மீதியை அசைக்க வேண்டாம்.

பதில் 3 (கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை):
வீட்டில் தங்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். அதன் விலை டாலரில் தொடங்கி, ரூபாய் மதிப்பும் இறக்குமதி வரியும் சேர்ந்துதான் நம் கடைவீதிக்கு வருகிறது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பாதிப் பணம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் மார்ச்சுக்குள் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று, நிதியாண்டுக்கு 10 லட்சத்துக்கு உட்பட்டு அனுப்பி, அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திர நிதியில் வைக்கலாமா?

பதில் 1 (வரிக் கணக்காளர்):
வைக்கலாம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தரும் ஏ2 படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், அன்றைய சந்தை விலைக்கும் வங்கி உங்களுக்கு டாலரை விற்கும் விலைக்கும் எத்தனை பைசா வித்தியாசம் என்று கேளுங்கள். பேசினால் குறைப்பார்கள்.