காலை 8 மணி வகுப்பைத் தள்ளிவைக்க வேண்டுமா?

நடுநிசி:
பல்கலைக்கழக மாணவர்கள் தாமதமாகத் தூங்குவதைச் சோம்பல் என்று ஏசுவதை முதலில் நிறுத்த வேண்டும். பருவ வயதில், உடலைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கும் நேரமே பின்தள்ளிப் போகிறது. உடற்கடிகார ஆய்வாளர் ரோன்பெர்க்கின் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தத் தாமதம் ஏறத்தாழ 20 வயதில் உச்சத்தைத் தொட்ட பிறகே மெல்லக் குறையத் தொடங்குகிறது. உடற்கடிகாரம் மிகவும் பிந்தி ஓடும் அந்த ஆண்டுகளில் காலை 8 மணிக்கு வகுப்பு வைப்பது நியாயமே அல்ல.

விடியல்:
கடிகாரம் பிந்துவதை நான் மறுக்கவில்லை, நண்பரே. ஆனால் எவ்வளவு பிந்தும் என்பதில் வெளிச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நள்ளிரவு தாண்டியும் கைப்பேசித் திரையை முகத்தருகே வைத்திருந்துவிட்டு, காலை வெயில் படாமல் 10 மணி வரை போர்வைக்குள் கிடந்தால் அது இன்னும் பின்னால்தான் போகும். மாலை 6 மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும். இவற்றைத் தொடாமல் வகுப்பை மட்டும் தள்ளிவைத்தால், தூங்கும் நேரமும் கூடவே தள்ளிப்போகும்.

நடுநிசி:
அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகர உயர்நிலைப் பள்ளிகள் 2016-இல் தொடக்க நேரத்தைக் காலை 7:50-இலிருந்து 8:45-க்கு மாற்றியபின், மாணவர்களின் இரவுத் தூக்கம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே உயர்ந்தது.

விடியல்:
பள்ளிக்கு எல்லா நாளும் ஒரே மணி. பல்கலைக்கழகத்திலோ இன்று 8 மணிக்கும் நாளை 11 மணிக்கும் வகுப்பு தொடங்குகிறது. வகுப்பு நாள்களில் 2 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுபவரின் தூக்கத்தின் நடுப்புள்ளி 4:30. விடுமுறையில் 3 மணிக்குப் படுத்து 11 மணிக்கு எழுந்தால் அது 7 மணி. வாரந்தோறும் உடல் இரண்டரை மணி நேரம் முன்னும் பின்னும் இழுபடுவதைத்தான் சமூக ஜெட்லாக் என்கிறார்கள். ஆகவே, வகுப்பு எந்த மணிக்கு என்பதைவிட, எழும் நேரம் நாள்தோறும் மாறாமல் இருப்பதே முக்கியம் என்பேன்.

விழித்திருப்பவர்:
இருவரும் நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள்; படுத்தும் தூக்கம் வராதவர்களை மறந்துவிட்டீர்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அன்று, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது அதில் ஒரு படி. விடுதி அறையிலோ மடிக்கணினி, குறிப்பேடு, சாப்பாட்டுத் தட்டு எல்லாமே கட்டிலின்மேல்தான். நிர்வாகம் இரவு முழுவதும் படிப்பறையைத் திறந்துவைத்தாலே அந்தக் கட்டில் காலியாகும்.

நடுநிசி:
படிப்பறை பற்றிய கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். நண்பர் விடியலின் மாறாத நேரத்தையும் ஏற்கிறேன். ஆனால் அந்த நேரம் 8 மணியாக இருக்கக் கூடாது.