டெஸ்டோஸ்டிரோன் (ஆம்பள ஹார்மோன்) கம்மி, வெயிட் தூக்குற அண்ணனுங்க கொஞ்சம் சொல்லுங்க

எனக்கு 41 வயசு, தண்டையார்பேட்டை. காலைல 8 மணிக்கு வெறும் வயித்துல ரெண்டு தடவை ரத்தம் குடுத்து பாத்தாச்சு, டெஸ்டோஸ்டிரோன் 210 தான், 300க்கு மேல இருக்கணுமாம், சுகர் வேற இருக்கு. காசிமேட்டுல மீன் பெட்டி இறக்குற வேலைண்ணா, முன்னெல்லாம் தனியாளா தூக்குவேன், இப்ப ரெண்டாவது பெட்டிக்கே கை நடுங்குது. ரெண்டாவது குழந்தைக்கு பாக்குறதால டெஸ்டோஸ்டிரோன் ஊசி வேணாம், விந்தணு குறைஞ்சிடும், முதல்ல தொப்பையை குறைச்சு எக்சர்சைஸ் பண்ணுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஜிம் தம்பி என்னடான்னா வாரம் ஆறு நாள் வா, ஒரு பவுடர் தரேன்னு நிக்கிறான், டப்பால லேபிளே இல்ல, நான் தொடவே இல்ல. 40 கிலோ வெச்சு ஸ்குவாட் (உக்காந்து எந்திரிக்கிறது) அஞ்சு தடவை பண்ணாலே மறுநாள் மாடிப்படி ஏற முடியலண்ணா. இதே பிரச்சனையோட தூக்குறவங்க வாரம் எத்தன நாள் போறீங்க, நடுவுல எவ்ளோ ரெஸ்ட் விடுறீங்க? சுகர் மாத்திரை போட்டுட்டு போனா தலை சுத்துதா?